பூட்டிய ஊரில் காணிக் கணக்கு

"அண்ணை, காணி விலை விழுந்துபோச்சாம். இப்ப வாங்கிப் போடலாமோ?"

2022 இன் நடுப்பகுதியில் வன்னியின் பெற்றோல் வரிசைகளில் அடிக்கடி காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவரின் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் இல்லை. கேட்கப்பட்டவரின் சைக்கிளிலும் இல்லை. அந்த ஜூன் 27 ஆம் திகதி இரவு, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. காணி பார்க்கப் போக வழியில்லை. அளவையாளர் சங்கிலியோடு வர வழியில்லை. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரு மேசையைச் சுற்றி வந்து இருக்கவும் வழியில்லை. விலை விழுந்த கதை மட்டும் எண்ணெய் இல்லாமலே பரந்தனிலிருந்து நெடுங்கேணி வரை ஓடித் திரிந்தது.

அந்தக் கதையை இன்று ஆறுதலாக எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். அடுத்த முடக்கம் எந்தப் பெயரோடு வரும் என்று தெரியாவிட்டாலும், வந்தால் இதே கேள்வி மறுபடியும் கேட்கப்படும்.

மூடல் என்றால் என்ன என்று வன்னிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990 இலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு வருடம் சீமெந்து, இரும்பு, எரிபொருள், பசளை, பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில் கிடந்தன. கையில் காசிருந்தவரும் களிமண்ணையும் கிடுகையும் நம்பித்தான் வீடு கட்டினார். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தது. கிளிநொச்சியில் கட்டடங்கள் எழுந்தன. தொண்டு நிறுவனங்கள் நல்ல வீடுகளை வாடகைக்கு எடுத்தன. 2006 ஆகஸ்ட் 11 இல் வீதி மறுபடி பூட்டுப்பட்டது. 2008 செப்டம்பரில் ஐ.நா. அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும் வெளியேற, மாத வாடகையை நம்பியிருந்தவர்கள் வெறும் வீட்டோடு நின்றார்கள். சில மாதங்களில் அந்த வீடும் இல்லை.

அதோடு ஒப்பிட்டால் 2020 மார்ச் 20 இல் தொடங்கிய ஊரடங்கும், 2021 மே மாதம் முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்புப் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டதும், 2022 இன் எரிபொருள் முடக்கமும் சின்ன மூடல்கள். கூரை விழாத மூடல்கள். அதனால் அவற்றைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது.

முதலில் விலை. தங்கத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு விலை சொல்லப்படும். பரந்தனில் ஒரு பரப்பு இன்றைக்கு என்ன விலை என்று சொல்ல யாருமில்லை. ஒருவர் விற்க இன்னொருவர் வாங்கி, உறுதி முடித்துப் பதியும்போதுதான் விலை என்று ஒன்று பிறக்கிறது. (அந்த உறுதியில் எழுதும் தொகையும் கைமாறிய தொகையும் எப்போதும் ஒன்றல்ல என்பது ஊரறிந்த இரகசியம். முத்திரை வரி செய்யும் வேலை அது. பிறகு வழக்கென்று வந்தால், காசைத் திருப்பிக் கேட்கும்போது தாளில் உள்ள சின்னத் தொகைதான் உங்களுக்காகப் பேசும்.)

முடக்கக் காலத்தில் பொறுக்கக்கூடியவர் விற்கமாட்டார். "நிலைமை சரிவரட்டும், பாப்பம்" என்று படலையைச் சாத்திவிடுவார். விற்பவர் யார்? ஆசுப்பத்திரிச் செலவு வந்தவர். உழவு இயந்திரத்தை லீசிங் கம்பனி தூக்கமுன் தவணை கட்டவேண்டியவர். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் காசு வைக்கவேண்டியவர். 2022 இல் இந்த மூன்றாவது வகை நாடு முழுவதும் பெருகியது. இவர்கள் கொடுத்த விலையை வைத்து, ஊரின் காணியெல்லாம் அவ்வளவுக்கு இறங்கிவிட்டதாகப் பேசினோம். அது அவசரத்தின் விலை. அதே விலைக்குப் பக்கத்துக் காணியைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

அப்படியானால் விலை விழவேயில்லையா என்றால், வேறு விதமாக விழுந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 69.8 வீதம். 2021 செப்டம்பரில் 20 இலட்சம் சொன்ன காணிக்கு ஒரு வருடம் கழித்தும் அதே 20 இலட்சம் சொன்னால், பழைய காசில் அது 12 இலட்சத்துக்கும் குறைவு. உடையவர் விலையைக் குறைத்ததாக நினைக்கவில்லை, வாங்குபவர் குறைந்ததாக உணரவுமில்லை. சம்பளம் ஏறாத ஆசிரியருக்கு அது பழைய விலைதான். டொலர் வைத்திருந்தவருக்கு மட்டும் கதை வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. 10,000 டொலர் வைத்திருந்தவரின் கையில் இருபது இலட்சம் இரண்டே மாதத்தில் முப்பத்தாறு இலட்சம் ஆனது. ஆகவே "விலை விழுந்துபோச்சு" என்ற வாசகம் வன்னியில் இருந்து வந்ததா, ரொறன்ரோவில் இருந்து தொலைபேசியில் வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் நம்பவேண்டும்.

அடுத்தது, எந்தக் காசு. மூடல் தீர்க்கும் கேள்விகளில் மிகப் பெரியது இதுதான் என்பது எங்கள் கருத்து. சொந்தக் காசில் வாங்கி, ஐந்து வருடம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாதவருக்கு 2022 ஒரு கெட்ட கனவு, அவ்வளவுதான். கடன் எடுத்து வாங்கியவருக்கு அது வீட்டுக்குள் வந்து குந்தியிருந்த விருந்தாளி.

2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருடக் கடைசியில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்துக்கு மேல் நின்றது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களுக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கணக்குக்காக 50 இலட்சக் கடன் என்று வைத்துக்கொள்வோம். பத்து வீதமென்றால் வட்டி மட்டும் மாதம் 41,667 ரூபாய். இருபத்தெட்டு வீதமென்றால் 116,667 ரூபாய். முதல் ஒரு சதமும் குறையவில்லை. காணி அதே காணி, மதில் அதே மதில். இந்த இரண்டு தொகைக்கும் இடையிலுள்ள 75,000 ரூபாயை மாதாமாதம் எங்கிருந்து எடுப்பது என்பதே அந்த வருடம் பலரின் காணியைப் பறித்த கேள்வி. கடன் பத்திரத்தில் "நிலையான வட்டி" என்று இருக்கிறதா, இருந்தால் எத்தனை வருடத்துக்கு என்று கையெழுத்து வைக்கமுன் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் மனேச்சர் கோபிக்கமாட்டார்.

தவணை தவறினால் வங்கிக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 1990 இன் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஈடுவைத்த காணியை நீதிமன்றம் ஏறாமலே ஏலம் போடலாம். பத்திரிகைகளில் 'பராட்டே' என்று அடிபடும் அதிகாரம் இதுதான். நெருக்கடிக்குப் பிறகு எழுந்த கூக்குரலில் 2024 இல் இது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டு, பின்பு 2025 மார்ச் 31 வரை நீட்டப்பட்டது. 2020 இல் கொரோனாவுக்கும் தவணைச் சலுகை வந்தது. சலுகை என்றால் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்ட பலர் பிறகு கணக்குத் தாளைப் பார்த்துத் திகைத்தார்கள். தள்ளிப்போடப்பட்ட மாதங்களுக்கும் வட்டி ஓடும். மீற்றர் வட்டிக்காரரிடம் வாங்கியவருக்கு அந்தத் தள்ளிப்போடலும் கிடையாது.

இந்த இடத்தில் எங்கள் பழைய ஒற்றியைப் பற்றி ஒரு வார்த்தை. தேசவழமைச் சட்டம் அறிந்த ஈட்டு முறை இது. காசு கொடுத்தவர் காணியை எடுத்துப் பயிர் செய்து, வட்டிக்குப் பதில் விளைச்சலை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். 2021 இல் பத்து இலட்சத்துக்கு வயலை ஒற்றி வைத்தவரை நினைத்துப் பாருங்கள். 2023 இல் அதே பத்து இலட்சத்தைக் கொடுத்து மீட்டார். இடையில் காசின் பெறுமதி பாதியை நோக்கிப் போய்விட்டது. ஒற்றிக்கு எடுத்தவரோ, 2021 மே மாதத்தின் இரசாயனப் பசளைத் தடைக்குப் பிறகு வந்த காலபோகத்தில் பசளையில்லாமல் விதைத்து, மணி கட்டாத கதிரை அறுத்தார். பணவீக்கக் காலத்தில் ஒற்றி கொடுப்பவர் வெல்வதும் எடுப்பவர் தோற்பதும் பாட்டன் காலத்துக் கணக்குக்கு நேர்மாறு. ஒற்றிக்கு எடுக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்கட்டும்.

கையில் காசு இருந்தவர்களுக்கும் மண்ணைத் தவிர வேறு வழி இருந்தது. 2022 கடைசியில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. ஒரு கோடியை வைப்பிலிட்டவருக்கு வருடம் 20 இலட்சத்துக்கு மேல். அதே ஒரு கோடிக்கு வவுனியாவில் வாங்கிய கடையின் வாடகை அதன் கிட்டவும் வராது. ஆனால் பயம் வேறு பக்கமிருந்து வந்தது. 2023 ஜூன் 29 இலிருந்து ஐந்து நாட்கள் வங்கிகள் தொடர்ந்து பூட்டியிருந்தன. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிப்பு அந்த விடுமுறைக்குள் வந்தது. "வங்கியில கிடக்கிறதை விட மண்ணில கிடக்கட்டும்" என்று அந்த வாரத்தில் வைப்பை உடைக்க யோசித்தவர்கள் பலர். வங்கி வைப்புகளில் கை வைக்கப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியில்தான் வைக்கப்பட்டது. அடுத்த மாதமே பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. வைப்பு வட்டியும் பின்னால் இறங்கியது. பயந்து வைப்பை உடைத்தவருக்கு அந்த உயர்ந்த வட்டி பிறகு கிடைக்கவேயில்லை.

இனி வருவது காணியின் தாள். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கவேண்டும், ஏனென்றால் வன்னியில் ஏமாந்தவர்களில் பெரும்பாலானோர் விலையில் ஏமாறவில்லை, தாளில் ஏமாந்தார்கள். கந்தோர் பூட்டியிருக்கும்போது, கந்தோர் தேவைப்படாத வியாபாரம்தான் நடக்கும்.

வன்னியில் காணி இரண்டு சாதி: உறுதிக் காணி, பெர்மிட் காணி. இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியைச் சுற்றி எழுந்த குடியேற்றத் திட்டங்களின் காணிகள் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. பெர்மிட் வைத்திருப்பவர் பயிர் செய்யலாம், குடியிருக்கலாம், பின்னுரிமையாளரைப் பெயர் குறிக்கலாம். தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் பெற்றவருக்குச் சற்றுக் கூடுதல் உரிமை உண்டு. அவரும் கைமாற்ற முன்னனுமதி எடுக்கவேண்டும். இதை மீறி எழுதும் எந்தக் கடதாசியும் சட்டத்தின் கண்ணில் வெற்றுத்தாள்.

ஆனாலும் விற்கிறார்கள். எப்படி? ஒரு வெள்ளைத்தாளில் "இந்தக் காணியை இன்னாருக்கு இவ்வளவு காசுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று எழுதி, சமாதான நீதவான் ஒருவரின் முத்திரையோடு. ஊரடங்கு நாட்களில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் பிரதேச செயலகம் திறந்திருந்தால்தானே காணி உத்தியோகத்தரிடம் கேட்டுப் பார்க்கலாம். சமாதான நீதவானின் முத்திரை கையெழுத்து இன்னாருடையது என்று மட்டும் சொல்கிறது. காணி உங்களுடையது என்று அது சொல்லவில்லை. பெர்மிட்காரர் இறந்தால் பின்னுரிமையாளர் வந்து கேட்பார், கிடைக்கும். 2022 இன் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு மூத்த மகனுக்கு முன்னுரிமை என்ற பழைய வரிசையும் போய்விட்டது. இதுவரை கணக்கில் எடுக்கப்படாத மகள்களும் இனிக் கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட.

2024 இல் தொடங்கிய 'உறுமய' திட்டம் இப்படிப்பட்ட காணிகளுக்கு முழு உரித்து வழங்குவதாகச் சொன்னது. உடனே "அடுத்த மாசம் உறுதி வந்திடும், இப்ப கடதாசியில எழுதுவம்" என்று புறோக்கர்கள் பேசத் தொடங்கினார்கள். உறுதி வரட்டும், பிறகு எழுதலாம். விற்பவருக்கு அவசரமென்றால் அது உங்கள் அவசரமாக வேண்டியதில்லை.

உறுதிக் காணியிலும் மூடல் ஒரு பொறி வைக்கிறது. உறுதி முடிப்பதும் உறுதியைப் பதிவதும் இரண்டு வேறு காரியங்கள். நொத்தாரிசு முன் கையெழுத்து வைத்த அன்றே காணி உங்களுடையது என்று நினைத்து நிம்மதியாக இருப்பீர்கள். காணிப் பதிவகம் பூட்டியிருக்கும் காலத்தில் அதே உடையவர் இன்னொருவருக்கும் உறுதி எழுதி, கதவு திறந்த அன்று அந்த ஆள் முந்திப் பதிந்துவிட்டால், பெறுமதி கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்குத்தான் முன்னுரிமை. உங்கள் உறுதி திகதியில் முந்தியது என்பது கைகொடுக்காது. ஆகவே முடக்கத்தின்போது காசு கொடுப்பதானால் முழுக் காசையும் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை, பதிவு முடிந்து தோம்பு பார்த்த பிறகு என்று உடன்படிக்கையிலேயே எழுதிவிடலாம். நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கையாக இருக்கவேண்டும். காணி வாங்கும் வாக்குறுதி வாய்ப்பேச்சில் நின்றால் நீதிமன்றம் கேட்காது.

கூட்டுரித்துக் காணி என்றால் தேசவழமையின் முன்கொள்வனவு உரிமை குறுக்கே நிற்கும். வட மாகாணக் காணிகளில் பங்குக்காரருக்கும் வாரிசுகளுக்கும், வெளியாளுக்கு விற்கமுன் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் போனதா? முடக்கத்தில் கடிதமும் போகாது. "தம்பி பிரான்சில, அவன் ஒண்டும் சொல்லமாட்டான்" என்ற வாக்கை நம்பி வாங்கினவர்கள், தம்பி சொல்ல ஆரம்பித்த பிறகு நீதிமன்றத்தில் நிற்கிறார்கள்.

விற்பவர் மணமான பெண்ணாக இருந்து அவருக்குத் தேசவழமை பொருந்தினால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது முள்ளிவாய்க்கால் இல்லை. கணவன் எங்கே என்று 2009 இலிருந்து தேடும் பெண்கள் இந்த மாவட்டங்களில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி என்ற வழி உண்டு. அதற்குக் காலமும் காசும் வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் "அவர் இல்லைத்தானே, எழுதுங்கோ" என்று அவசரப்படுத்தி வாங்குவது அந்தப் பெண்ணுக்கும் அநியாயம், வாங்குபவரின் உறுதிக்கும் ஓட்டை. சட்டம் பழையது, மாறவேண்டியது என்பது எங்கள் அபிப்பிராயம். மாறும்வரை அது இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து அற்றோணி அனுப்பி விற்பவர்களும் உண்டு. அற்றோணி பதிவானதா, இரத்துச் செய்யப்பட்டதா, கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று மூன்றையும் பாருங்கள். கொடுத்தவரின் மரணத்தோடு அந்த அதிகாரமும் போய்விடும். 2020 இல் லண்டனிலும் பரிசிலும் எத்தனை முதியவர்கள் போனார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வாங்கும் பக்கத்தில் வெளிநாட்டார் கதை இன்னொன்று. 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமையாளர் இங்கே காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு விலக்கு உண்டு. இலங்கைக் குடியுரிமையை விட்டு, இரட்டையும் எடுக்காத ஒருவர் என்ன செய்கிறார்? தமக்கையின் பெயரில், மச்சானின் பெயரில் வாங்குகிறார். டொலர் 360 ஆனபோது இது வேகம் பிடித்தது. உறுதியில் பெயர் இருப்பவரே சட்டத்துக்கு உடையவர். மச்சானின் கடனுக்கு அந்தக் காணி பிணையாகலாம். மச்சானின் பிள்ளைகளுக்கு அது முதுசமாகலாம். பிறகு உறவும் போய், காணியும் போகும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது காணியைவிட மலிவு.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பழைய காயம் இருக்கிறது. பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரித்து என்ற ஆட்சிச் சட்டம், இடம்பெயர்ந்து ஓடியவர்களின் காணிக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு, 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று பதில் சொன்னது. அதைப் பயன்படுத்த இரண்டு வருட அவகாசம்தான் இருந்தது, முடிந்துவிட்டது. பிறகு 2025 மார்ச் 28 இல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,940 ஏக்கர். அதில் முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515. மூன்று மாதத்துக்குள் உரித்தைக் காட்டாவிட்டால் அரச காணி. உறுதி யுத்தத்தில் எரிந்தவர், தமிழ்நாட்டு முகாமில் இருப்பவர், கனடாவில் இருப்பவர் எல்லோருக்கும் அதே மூன்று மாதம். உயர் நீதிமன்றம் ஜூன் 27 இல் அதை இடைநிறுத்தியது, வர்த்தமானியும் மீளப்பெறப்பட்டது. காணி வாங்குபவருக்கு இதில் ஒரு தகவல் இருக்கிறது. வெறுமனே கிடக்கும் காணி, தாளில்லாத காணி, தூரத்தில் இருப்பவரின் காணி எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர் பூட்டியிருந்தாலும் அது நிற்காது. 2021 இன் 17 ஆம் இலக்கக் கொவிட் சட்டம் நோயால் தவறிய சட்டக் காலக்கெடுக்களுக்கு நிவாரணம் தந்தது. அது கொவிட்டுக்கு மட்டும் எழுதப்பட்டது, எண்ணெய் வரிசையை அது அறியாது.

வாடகையைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. யார் குடியிருக்கிறார் என்பதே கேள்வி. அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் மாணவர்களை நம்பி அறை கட்டியவர்கள் 2020 இல் வளாகங்கள் பூட்டியபோது ஒரே நாளில் எல்லா அறையையும் இழந்தார்கள். நகரக் கடைகளை வாடகைக்கு விட்டவர்கள் ஊரடங்கில் பாதி வாடகைக்கு இறங்கி வந்தார்கள். இறங்கியவர்களே புத்திசாலிகள். பூட்டிய கடைக்கு முழு வாடகை கேட்டுக் குடியிருந்தவரை எழுப்பியவருக்கு, வெறுங்கடைக்கு ஆள் பிடிக்க மாதக்கணக்கானது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பதைப் பலர் அறியார்கள். முத்திரை ஒட்டிய சாதாரண உடன்படிக்கை, வழக்கில் மாதாந்தக் குடியிருப்பாகவே சுருங்கிவிடும். முறையாக எழுதியிருந்தால், 2023 இன் 1 ஆம் இலக்கச் சட்டம் குத்தகை முடிந்த இடத்தைத் திரும்பப் பெறச் சற்று விரைவான வழி தருகிறது. முடக்கத்தில் வாடகை என்ன ஆகும் என்று ஒரு வரியை இப்போதே அந்த உடன்படிக்கையில் சேர்த்துவிடுங்கள். கசப்பில்லாமல் பேசிக்கொள்ள நல்ல காலம்தான் சரியான காலம்.

வயல் வாங்குபவருக்கு மூன்று எச்சரிக்கை, சுருக்கமாக. அந்த வயலைச் செய்பவர் கமநல சேவை நிலையத்தின் இடாப்பில் குத்தகை விவசாயியாகப் பதிந்திருந்தால், நீங்கள் வாங்கியதால் அவர் எழும்பமாட்டார். எழுப்பவும் முடியாது. வயலுக்கு மண் போட்டு நிரப்பிக் கடை கட்டும் எண்ணமிருந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். முடக்க நாட்களில் "பார்க்க ஆளில்லை" என்று இரவோடு இரவாக நிரப்பியவர்களுக்குப் பிறகு ஆள் வந்தார்கள். மூன்றாவது, வெயிலில் பார்த்த காணியை மாரியிலும் பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது எந்த வளவுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அயலிலுள்ள அம்மாவைக் கேட்டால், சுவரில் கை வைத்துக் காட்டுவார். வீடியோ அழைப்பில் காணி பார்த்து முற்பணம் போட்ட 2020 ஆம் ஆண்டு நண்பர்களுக்கு அந்தக் கை தெரியவில்லை.

கடைசியாக, பாதியில் நிற்கும் கட்டடம். 2021 இல் ஆயிரம் ரூபாயை ஒட்டி நின்ற 50 கிலோ சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. கம்பி, ஓடு, வயர் எல்லாம் அதே ஓட்டம். "முழு வேலையும் இவ்வளவு" என்று ஒரே தொகைக்கு ஒப்பந்தம் பேசியவர்களில் பாதிப்பேர் பாஸைத் தேடித் திரிந்தார்கள். பாஸ் இரவில் ஊர் மாறிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தத் தொகைக்குக் கட்டினால் அவர் தன் வீட்டை விற்கவேண்டும். சாமானை உடையவர் வாங்கிக் கொடுப்பது, கூலியை மட்டும் பேசுவது, வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் காசு கொடுப்பது என்ற பழைய ஊர்முறை அந்த வருடம் பலரைக் காப்பாற்றியது.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். அத்திவாரம் முடிந்து நிரப்பி, பீம் போட்ட இடத்தில் நிறுத்தினால் இரண்டு மாரி தாங்கும். தூண் எழுப்பிக் கம்பியை வானத்துக்கு நீட்டிவிட்டு நிறுத்தினால் தாங்காது. ஏ9 வீதியோரத்தில் அப்படி நின்ற தூண்களின் கம்பி இன்று தொட்டால் செதிலாக உதிர்கிறது. மறுபடி தொடங்க வருபவர் அந்த அளவுக்கு வெட்டிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும். நிறுத்தியே ஆகவேண்டுமென்றால், கடைசிக் கூலிநாளில் மேசனைக் கொண்டு நீட்டி நிற்கும் கம்பிக்குச் சீமெந்துக் கரைசலைக் கெட்டியாகப் பூசி, மேலே பொலித்தீன் சுற்றிக் கட்டுங்கள். ஒரு பை சீமெந்து போதும்.